முதல் மோனோரெயில் கேமரா: 45,000 ரூபாய்க்குள் வாங்க முடியுமா?

கோயில் கோபுரத்துக்கு முன்னால் நின்று மொபைலை மேலே தூக்கிப் படம் எடுத்திருப்பீர்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் கோபுரம் பின்பக்கம் சாய்ந்து, உச்சி குறுகிப்போய் இருக்கும். உச்சி ஃபிரேமுக்குள் வரவேண்டும் என்று நாம் மொபைலைச் சாய்க்கிறோம். அதனால் நேர்கோடுகள் எல்லாம் மேலே ஒன்றுசேரப் பார்க்கின்றன.

படம் எடுக்கும்போதே இந்தச் சாய்வைத் தவிர்க்கும் கேமரா ஒன்று இருக்கிறது. அதில் கேமராவைச் சாய்க்க வேண்டாம், லென்ஸை மட்டும் மேலே ஏற்றினால் போதும். அதற்குப் பெயர் மோனோரெயில் கேமரா. ஒரே ஒரு உலோகத் தண்டு, அதன் முன்னால் லென்ஸைத் தாங்கும் சட்டம், பின்னால் ஃபிலிமைத் தாங்கும் சட்டம், இரண்டுக்கும் நடுவில் ஆர்மோனியத் துருத்தி மாதிரி ஒரு பெல்லோஸ். முழு கேமராவும் இவ்வளவுதான்.

இன்ஸ்டாகிராம் காலத்தில் இது எதற்கு என்று அம்மாவும் கேட்டார். திருநெல்வேலியில் இருக்கும் எங்கள் ஆச்சி வீட்டுக்கு தை மாதம் பத்திரப்பதிவு என்று முடிவாகியிருந்தது. வாங்குபவர் வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப்போகிறார். அந்த வீட்டைச் சாயாமல், ஒவ்வொரு ஓடும் தெரிகிற மாதிரி ஒரே ஒரு படம் எடுத்து வைக்கவேண்டும் என்பது என் ஆசை. ஸ்கூட்டர் வாங்கச் சேர்த்திருந்த 45,000 ரூபாய் கையில் இருந்தது.

இதே ஆசை உள்ளவர்களுக்காக இந்த வாரம் என் கணக்கு நோட்டைத் திறக்கிறேன். நான் பணம் விட்ட இடமும் அதில் இருக்கிறது.

ஏன் மோனோரெயில்?

இந்த வகைக் கேமராக்களில் சாதாரண ஃபிலிம் அளவு 4×5 அங்குலம். ஒரு படத்துக்கு ஒரு தனி ஷீட். நாம் அறிந்த 35 மி.மீ. ஃபிலிமோடு ஒப்பிட்டால் பரப்பளவு சுமார் 13 மடங்கு. சுவரில் பெரிதாக மாட்டினாலும் செங்கல் செங்கலாகத் தெரிவது இதனால்தான்.

4×5 கேமராவில் முக்கியமாக இரண்டு ஜாதி. மடித்துப் பைக்குள் வைக்கக்கூடிய ஃபீல்டு கேமரா ஒன்று, மோனோரெயில் இன்னொன்று. மலையேறிப் படம் எடுப்பவர்கள் ஃபீல்டு கேமராவைத் தேடுகிறார்கள், அதனால் அதன் விலை இறங்குவதில்லை. மோனோரெயில் பெரும்பாலும் விளம்பர ஸ்டுடியோக்களில் இருந்தது. ஸ்டுடியோக்கள் டிஜிட்டலுக்கு மாறியதும் இவை பரணுக்குப் போயின. கனமாக இருப்பதால் வாங்க ஆளும் குறைவு. ஆனால் லென்ஸை ஏற்ற, இறக்க, பக்கவாட்டில் நகர்த்த, சாய்க்க, திருப்ப மோனோரெயிலில் கிடைக்கும் வசதி ஃபீல்டு கேமராவைவிட அதிகம். குறைந்த காசில் அதிக வசதி கிடைக்கும், சுமக்கத்தான் வேண்டும்.

பாளையங்கோட்டையில் ஸ்டுடியோ வைத்திருந்து ஓய்வு பெற்ற ஓர் அண்ணாச்சியிடம் யோசனை கேட்கப் போனேன். அவரிடம் ஆலப்புழையில் தயாரான வாகீஸ்வரி மரக் கேமரா ஒன்று இன்னும் இருக்கிறது. "இதையே தாங்களேன் அண்ணாச்சி" என்றேன்.

"தருவேம்மா. இதுக்குள்ள மர ஹோல்டருக்கு இன்னைக்கு ஃபிலிம் எங்க போயி வாங்குவே? பழசு வாங்கலாம், தப்பில்ல. இப்ப கடையில கெடைக்கிற ஃபிலிம் அதுல போவுதான்னு மொதல்ல பாக்கணும்லா" என்றார்.

அதுதான் முதல் பாடம்.

3,000 ரூபாய் போன கதை

அண்ணாச்சியைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு தவறு செய்திருந்தேன். ஒரு விற்பனையாளர் 9,000 ரூபாய்க்கு மோனோரெயில் இருப்பதாகச் சொன்னார். போட்டோவில் பளபளவென்று இருந்தது. "பெல்லோஸ் கண்டிஷன் சூப்பர்" என்றார். வேறு யாராவது எடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் 3,000 ரூபாய் முன்பணம் அனுப்பிவிட்டேன்.

நேரில் போனபோது அண்ணாச்சியையும் அழைத்துப் போனேன். அறையை இருட்டாக்கி, மொபைல் டார்ச்சை எரியவிட்டு, பெல்லோஸுக்குள் வைத்து மூடினார். வெளியிலிருந்து பார்த்தால் மடிப்பின் மூலைகளில் கார்த்திகை தீபம் மாதிரி புள்ளிப் புள்ளியாக வெளிச்சம். அத்தனை ஓட்டையும் ஃபிலிமில் புகைமூட்டமாக விழும். ஒன்றிரண்டு ஓட்டை என்றால் கறுப்பு டேப் ஒட்டிச் சமாளிக்கலாம். இதற்குப் புது பெல்லோஸ்தான் போடவேண்டும், அந்தச் செலவு கேமரா விலையையே தொட்டுவிடும். வேண்டாம் என்று திரும்பினோம். முன்பணம் திரும்பி வரவில்லை.

முன்பணம் கொடுப்பதற்கு முன் இவற்றைச் சோதித்துவிடுங்கள்:

பெல்லோஸ்: மேலே சொன்ன டார்ச் சோதனை. முழுதாக நீட்டி, ஒவ்வொரு மூலையையும் பாருங்கள்.

பூட்டுகள்: ஒவ்வொரு திருகையும் இறுக்கிவிட்டு, சட்டத்தை மெதுவாக அசைத்துப் பாருங்கள். ஆடினால் ஃபோகஸ் நிற்காது.

பின்பக்கம்: படம் விழுகிற சொரசொரப்பான கண்ணாடிக்கு கிரவுண்ட் கிளாஸ் என்று பெயர். அதைச் சட்டத்தோடு கழற்றிவிட்டு வேறு பொருளை மாட்ட வசதி உண்டா என்று கேளுங்கள். இதை கிராஃப்லாக் பேக் என்பார்கள். இது இருந்தால் 120 ரோல் ஃபிலிம் ஹோல்டரையும் மாட்டலாம். ஷீட் வாங்கக் காசில்லாத மாதத்தில் கை கொடுக்கும்.

லென்ஸ் போர்டு: லென்ஸ் மாட்டும் சதுரப் பலகை கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும். போர்டு இல்லாத கேமராவை வாங்கினால் அதைத் தேடி அலையவேண்டும்.

தண்டைப் பிடிக்கும் கிளாம்ப்: டிரைபாடில் கேமராவைப் பொருத்துவது இதுதான். பலர் இதைத் தொலைத்துவிட்டு விற்கிறார்கள்.

எந்த மாடல்?

பட்ஜெட்டில் அடிக்கடி கண்ணில் படும் பெயர்கள் நான்கு. நெதர்லாந்தின் கேம்போ, ஜப்பானின் டோயோ, அமெரிக்காவின் கேலுமெட், சுவிட்சர்லாந்தின் சினார்.

கேம்போ எஸ்.சி. சதுரத் தண்டு கொண்டது, முரட்டு உழைப்பாளி. டோயோவும் அப்படித்தான். கேலுமெட்டின் 400 வரிசை எளிமையானது, விலையும் குறைவு. ஆனால் அதன் பின்பக்கம் ஸ்பிரிங் வகை என்பதால் கிராஃப்லாக்கில் மாட்டும் ரோல் ஃபிலிம் ஹோல்டர் பொருந்தாது. சினார் எஃப் வரிசை இவற்றில் நுணுக்கமானது. பாகங்களைக் கழற்றிச் சேர்க்கலாம், பிற்பாடு ஒவ்வொன்றாக வாங்கி வளர்க்கலாம். கொஞ்சம் கூடுதல் விலை இருக்கும்.

என் யோசனை என்னவென்றால், பெயரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். போர்டு, கிளாம்ப், நல்ல பெல்லோஸ் மூன்றும் சேர்ந்து எது கிடைக்கிறதோ அதுவே உங்கள் மாடல். எனக்கு அப்படிக் கிடைத்தது, சென்னையில் மூடப்பட்ட ஒரு விளம்பர ஸ்டுடியோவின் கேம்போ. விலை 18,000 ரூபாய். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கூரியர் செலவும் கஸ்டம்ஸும் தனி. இந்த எடைக்கு அது சாதாரணத் தொகை இல்லை. அதனால் முதலில் உள்ளூரில் விசாரியுங்கள்.

லென்ஸுக்கு ஒரு சின்னக் கணக்கு

4×5-க்குச் சாதாரண லென்ஸ் 150 மி.மீ. நமக்குப் போதுமா என்று காகிதத்திலேயே பார்த்துவிடலாம். ஷீட்டில் படம் விழும் பகுதி ஏறக்குறைய 120 × 95 மி.மீ. ஆச்சி வீட்டுக்கு எதிர்மனை காலி என்பதால் 40 அடி தள்ளி நிற்க முடியும். 40-ஐ 120-ஆல் பெருக்கி 150-ஆல் வகுத்தால் 32. ஆக, 32 அடி உயரம் படத்துக்குள் அடங்கும். அகலத்துக்கு 120-க்குப் பதில் 95 போட்டால் சுமார் 25 அடி. வீட்டின் உயரம் 24 அடி, அகலம் 22 அடி. சரியாக உட்காரும். குறுகிய தெருவாக இருந்தால் 90 மி.மீ. வேண்டியிருக்கும். முகம், பொருட்கள் என்றால் 210 மி.மீ. நல்லது.

இன்னொன்றும் பார்க்கவேண்டும். லென்ஸ் வட்டமாகத்தான் படத்தை விழவைக்கும். அந்த வட்டம் ஷீட்டை மட்டும் மூடினால், லென்ஸை மேலே ஏற்றியதும் மூலைகள் கறுத்துவிடும். பழைய டெஸ்ஸார் வகை லென்ஸ்கள் மலிவு, ஆனால் அவற்றில் நகர்த்த இடம் குறைவு. ஷ்னைடர் சிம்மார்-எஸ், ரோடன்ஸ்டாக் சிரோனார்-என், நிக்கார்-டபிள்யூ, ஃபுஜினான்-டபிள்யூ ஆகியவற்றின் 150 மி.மீ. எஃப் 5.6 லென்ஸ்களில் தாராளமாக இடம் உண்டு.

ஷட்டர் லென்ஸோடு சேர்ந்தே வரும். ஒரு விநாடியில் வைத்து அழுத்திக் கேளுங்கள். பாதியில் திக்கினால் சர்வீஸ் செலவு இருக்கிறது என்று அர்த்தம். எனக்கு லென்ஸ் 16,000 ரூபாய்க்குக் கிடைத்தது.

மீதிக் காசு

கேமராவும் லென்ஸும் சேர்த்து 34,000. மூன்று ஹோல்டர்கள் 4,500. ஒரு ஹோல்டரில் முன்னும் பின்னுமாக இரண்டு ஷீட் போடலாம். தலையை மூடிக்கொள்ளும் கறுப்புத் துணியை அம்மாவே தைத்துக் கொடுத்தார். ("இதுக்காவது என்னைக் கூப்பிட்டியே!") டிரைபாடு அண்ணாச்சியுடையது. லைட் மீட்டருக்கு மொபைல் செயலி போதும்.

முன்பணத்தில் போன 3,000 ரூபாய் போக மீதியில் ஃபிலிமும் ரசாயனமும். 400 ஐ.எஸ்.ஓ. இல்ஃபோர்டு எச்.பி.5 பெட்டி ஒன்றை நண்பரோடு பங்கு போட்டேன். ஒரு ஷீட் இருநூறு ரூபாயைத் தாண்டும். பட்ஜெட் முழுவதையும் கேமராவில் கொட்டிவிட்டு ஃபிலிம் வாங்கக் காசில்லாமல் நிற்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு.

அதனால் ஃபிலிமைத் தொடுவதற்கு முன் பேப்பரில் பழகினேன். கறுப்பு வெள்ளை பிரின்ட் போடும் பேப்பரை 4×5-ஆக வெட்டி ஹோல்டரில் வைத்தால் அதுவே நெகட்டிவ் ஆகிவிடும். வேகம் மிகக் குறைவு, ஐ.எஸ்.ஓ. 6 என்று வைத்துத் தொடங்கலாம். சிவப்பு விளக்கிலேயே கழுவலாம் என்பதால் நடப்பது கண்ணுக்குத் தெரியும். அண்ணாச்சியிடம் ஊட்டி இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸின் 'இந்து' பேப்பர் கொஞ்சம் மிச்சமிருந்தது. பழசானதால் சாம்பல் பூத்துத்தான் வந்தது, பழக அது போதும்.

ஃபிலிமை மட்டும் முழு இருட்டில் ஹோல்டரில் ஏற்றவேண்டும். ஷீட்டின் ஓரத்தில் சின்ன வெட்டு இருக்கும். ஷீட்டை நெட்டுவாக்கில் பிடித்து, அந்த வெட்டு வலது மேல் மூலையில் இருந்தால் மருந்துப் பக்கம் உங்களைப் பார்க்கிறது. ஹோல்டர் தகட்டின் வெள்ளை முனை வெளியே தெரிந்தால் எடுக்காத ஃபிலிம், கறுப்பு முனை தெரிந்தால் எடுத்தது. இதை நான் ஒருமுறை மாற்றிச் செருகி, ஒரே ஷீட்டில் இரண்டு படம் எடுத்தேன். இருநூறு ரூபாய் காலி.

அந்த ஒரு படம்

மார்கழி கடைசியில் ஒரு காலை. திண்ணையில் ஆச்சி உட்கார்ந்திருந்தார். கேமராவை மட்டமாக வைத்து, லென்ஸை மட்டும் மேலே ஏற்றினேன். முகட்டு ஓடு உள்ளே வர ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் போதுமாக இருந்தது. சுவர்கள் நேராக நின்றன.

ஆச்சிக்கும் பார்க்க ஆசை. திண்ணையில் அம்மாவை உட்காரவைத்துவிட்டு, ஆச்சியைக் கறுப்புத் துணிக்குள் விட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"ஏட்டி, வீடு தலைகீழால்லா நிக்கு!"

"அப்படித்தான் தெரியும் ஆச்சி. படத்துல நேரா வரும்."

"அப்ப சரி. எடு" என்று சொல்லிவிட்டு மறுபடி திண்ணையில் போய் உட்கார்ந்தார்.

நான்கு ஷீட் எடுத்தேன். ஒன்றில் ஆச்சி தலையைத் திருப்பிவிட்டார். ஒன்றில் நான் தகட்டை இழுக்க மறந்தேன். இரண்டு தேறின. அதில் ஒன்றில் வாசல்படியின் தேய்ந்த பள்ளம்கூடத் தெரிகிறது.

தையில் பத்திரப்பதிவு முடிந்தது. பிரின்ட் இப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. ஸ்கூட்டருக்கு மறுபடியும் முதலிலிருந்து சேர்க்கிறேன், அதுவரைக்கும் பஸ்தான்.

உங்கள் ஊரில் மூடிக்கிடக்கும் ஸ்டுடியோ இருந்தால் ஒருநாள் போய் விசாரியுங்கள். பரணில் ஒரு கேமரா இருக்கலாம். கேமரா இல்லாவிட்டாலும், அதை எப்படிச் சோதிப்பது என்று சொல்லித்தர ஓர் அண்ணாச்சி இருப்பார். டார்ச்சை மட்டும் மறக்காமல் கொண்டு போங்கள்.