கிழங்கு 240 ரூபாய்!

எங்கள் ஏரியாவில் புதிதாக ஒரு ஓட்டல் திறந்திருக்கிறார்கள். 'நாகர்கோவிலில் ஓட்டலுக்கா பஞ்சம்?' என்று கேட்காதீர்கள். இது வேற ரகம். மொத்தமே ஆறு மேஜை. ஏஸி. ரோட்டைப் பார்த்து முழுக் கண்ணாடிச் சுவர். சர்வர் மெனு கார்டை, பிறந்த குழந்தையைத் தருவது மாதிரி இரண்டு கையாலும் தருகிறார். 'நாஞ்சில் நாட்டுச் சாப்பாடு' என்று வாசலில் போர்டு.

பத்திரிகையிலிருந்து எனக்கு ஒரு செக் வந்திருந்தது. அது பவுன்ஸ் ஆகாததைக் கொண்டாட, எழுபதைத் தாண்டிய அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன்.

உட்கார்ந்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி: "மக்கா, இந்தக் கண்ணாடிக்கு ஒரு திரை கெடையாதா?"

"எதுக்குப்பா? ஏஸி ஓடுதே, வெயிலா அடிக்குது?"

பதில் சொல்லாமல் ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

மெனுவைப் பிரித்தேன். உள்ளித்தீயல், அவியல், காணத்துவையல்... எல்லாம் அம்மா வைப்பதுதான். என்ன, அம்மா பில் கொடுத்ததில்லை. கடைசி வரியில், 'மரச்சீனிக்கிழங்கு, சாளைப் புளிமுளம் - 240 ரூபாய்.' இரண்டு பிளேட் சொல்லிவிட்டேன்.

பி.காம். படித்த கை சும்மா இருக்குமா? டிஷ்யூ பேப்பரில் கணக்குப் போட்டேன். கிழங்கு, மீன், தேங்காய், புளி, கேஸ், கரண்ட், சம்பளம்... எப்படி இழுத்துப் பிடித்தாலும் 100-ஐத் தாண்டவில்லை. "மீதி 140 ரூபாய் குட்வில்ப்பா" என்றேன்.

அப்பா சிரிக்கவில்லை. வந்த தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"1965-ல அரிசிக்குத் தட்டுப்பாடு. எனக்குப் பன்னெண்டு வயசு இருக்கும். ராத்திரி இந்தக் கிழங்குதான். எங்கம்மை நடைக்கதவைச் சாத்திக் கொண்டி போட்ட பொறவுதான் வெளம்புவா. நம்ம வீட்டுல சோறு பொங்கலைன்னு அடுத்த வீட்டுக்குத் தெரியப்பிடாதுல்லா? ஒருநா யாரோ கதவைத் தட்டுனா. சட்டியைக் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டோம்."

கொஞ்சம் நிறுத்தினார். "ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது, அந்த வீட்டுலயும் கதவைச் சாத்திட்டுத்தான் தின்னிருக்கா."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தெரியாத நேரத்தில் சரித்திரம் பேசுவது என் வழக்கம்.

"அப்பா, இது தென் அமெரிக்காக் கிழங்கு. நாம திருவிதாங்கூர்ல இருந்தப்போ, 1880-லேர்ந்து 1885 வரைக்கும் ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜாதான் இதைப் பயிர் செய்யச் சொல்லி ஊக்கப்படுத்தினார். சரியா வேகவைச்சுத் தண்ணியை வடிக்கலேன்னா விஷமாச்சே? ஜனங்க பயந்தாங்களாம். அதனால ராஜாவே எல்லாருக்கும் முன்னாடி சாப்பிட்டுக் காட்டினார்னு ஒரு கதை உண்டு."

அப்பா நிமிர்ந்தார். "ராஜா ஊரு பாக்கத் தின்னாராக்கும்?"

"அப்படித்தான் சொல்லுவாங்க."

அப்பா எழுந்தார். தட்டைத் தூக்கிக்கொண்டு எதிர் நாற்காலிக்கு வந்து, ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தார். கிழங்கைப் புளிமுளத்தில் முக்கி, நிதானமாகச் சாப்பிட ஆரம்பித்தார். தெரிந்தவர் ஒருவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்க்க, கிழங்கும் கையுமாக அவரை உள்ளே வரும்படி கூப்பிட்டார்.

பில் மூன்று பிளேட்டுக்கு வந்தது. டிஷ்யூ பேப்பர் கணக்கைத் திருத்திவிட்டேன். அந்த 140 ரூபாய் குட்வில் இல்லை ஸார். அறுபது வருஷ வாராக்கடன் அன்றைக்குத்தான் வசூலானது.