துண்டு காயப் போட மெஷினா?

மாதவிடாய் நின்ற பின், எலும்பு வலு குறையும்; வாரம் இரண்டு நாளாவது எடை தூக்கிப் பழகுங்கள் என்றார், டாக்டர். உடனே என் மகன், என்னை ஒரு வார்த்தை கேட்காமல், 35 ஆயிரம் ரூபாய்க்கு, 'ஹோம் ஜிம்' மெஷினை வாங்கி, ஹாலில் நிறுத்தி விட்டான். என் உயரத்துக்கு சீட்டே பொருந்தவில்லை. ஒரே வாரத்தில் தோள்பட்டை பிடித்துக் கொண்டது. இப்போது, அதில் துண்டு காய்கிறது!

பிசியோதெரபி படித்த தங்கை மகள் தான் வழி சொன்னாள்... 'பெரியம்மா, முதல்ல நாற்காலியில, கையை ஊன்றாம பத்து தடவை உட்கார்ந்து எழுந்திரிங்க...' என்றாள். ஆறாவது தடவையே மூச்சு வாங்கியது. அப்புறம், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். அது ஒரு கிலோ எடை. அது லேசாகத் தோன்றிய பின் தான், 2 கிலோ டம்பெல்ஸ் ஜோடி வாங்கினேன்.

தோழியரே... நமக்கான சாமானை நாம் தானே பிடித்துப் பார்க்கணும்? கைப்பிடி வழுக்கக் கூடாது. பத்து தடவை தூக்கினால், கடைசி இரண்டு தடவை சிரமமாக இருக்கணும். ஆனால், முதுகு வளைந்தால், அந்த எடை நமக்கு அதிகம்.

ஆறு மாதமாச்சு. தரையில் உட்கார்ந்து காய் நறுக்கி, சுவரைப் பிடிக்காமல் எழுந்து கொள்கிறேன். மெஷினை, பாதி விலைக்கு கூட கேட்க ஆளில்லை!

— ஒரு வாசகி, திருச்சி.