எடையற்ற துப்பாக்கிகளும் எடையற்ற மதிப்புரைகளும்

நூலைப் புரட்டாமலே மதிப்புரை எழுதும் கலையில் தமிழ்ச் சிற்றிதழ்கள் எவருக்கும் சளைத்தவை அல்ல என்பது நாம் அறிந்ததே. ஆயினும் அமெரிக்கத் துப்பாக்கி இதழ்களின் மதிப்புரையாளர்கள் பலருக்கு முன்னால் நம்மவர்கள் கைகட்டி நிற்கத்தான் வேண்டும். சட்டைப்பையில் அடங்கும் ரிவால்வர் எதுவாயினும் சரி, அவர்களுடைய முதற்புகழ்ச்சி ஒன்றே: 'எவ்வளவு லேசாக இருக்கிறது!' உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பவன் சொல்லும் சொல் அது. சுட்டுப் பார்த்தவன் அவ்வளவு எளிதில் அதைச் சொல்ல மாட்டான்.

இலக்கிய வாசகருக்கு இது எதற்கு என்று முகம் சுளிக்க வேண்டாம். ஆயுதத்தைப் பாடாத புறத்திணை ஏது?

காவலரின் இடுப்பிலுள்ள முதன்மைத் துப்பாக்கி பழுதுபட்டாலோ பறிபோனாலோ கைகொடுப்பதற்காகக் கணுக்காலிலோ பையிலோ வைத்திருக்கும் சிறு ஆயுதத்தைத் துணைத் துப்பாக்கி என்கிறார்கள். அமெரிக்காவில் குடிமக்கள் பலர் இன்று அதையே அன்றாட ஆயுதமாகவும் ஏந்துகின்றனர். 1996இல் தொடங்கப்பட்ட ஐ.டி.பி.ஏ. என்னும் போட்டி அமைப்பு இதற்கெனத் தனிப்பிரிவே வைத்திருக்கிறது. ஐந்து தோட்டா ரிவால்வருக்கும் இடம் வேண்டும் என்பதால் ஒவ்வொரு சுடுதலையும் ஐந்து வேட்டுகளுக்குள் முடிப்பது இத்தகைய போட்டிகளின் மரபு. எடுத்துக்கொண்ட நேரமே மதிப்பெண். குறி விலகினால் இழக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு விநாடி கூடும். சுடக்கூடாத அப்பாவியாக நிறுத்தப்பட்ட அட்டை உருவத்தில் குண்டு பட்டால் ஐந்து விநாடி. இந்த ஐந்து விநாடியில்தான் நம் வழக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது. தெருவில் அந்த அட்டைக்கு உயிர் இருக்கும்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் மாடல் 642, அலுமினியக் கலவை உடல் கொண்டது. எடை ஏறத்தாழ 410 கிராம். ஆலையிலிருந்து வந்தபடியே அதன் விசையை இழுக்க ஐந்து கிலோவுக்கும் மேற்பட்ட இழுவை தேவைப்படுகிறது. தன் எடையைப் போல் பன்னிரண்டு மடங்குக்கும் அதிகமான இழுவையைத் தாங்கி அந்தச் சின்னஞ்சிறு பொருள் அசையாமல் நிற்க வேண்டுமாம்! குழல் இரண்டு அங்குலத்தை ஒட்டியதாகையால் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி மிகக் குறைவு. மயிரிழை நடுக்கமும் இலக்கில் சாண் அளவாகும். முதல் வேட்டுக்குப் பின் நேர்வது இன்னும் மோசம். ஒரே .38 ஸ்பெஷல் தோட்டாதான், ஆனால் துப்பாக்கி இலேசாக ஆக உதை கடுமையாகிறது. 350 கிராமுக்கும் குறைவான ஸ்காண்டியக் கலவை ரிவால்வரில் .357 மேக்னம் தோட்டாவைப் போட்டுச் சுடலாம் என்று விற்கிறார்கள். சுடலாம். ஐந்தாவது வேட்டை விரும்பிச் சுடுபவர் எத்தனை பேர்?

ரூகர் எஸ்பி101, முழு எஃகு, சுமார் 700 கிராமுக்கு மேல். 2017இல் மறுபிறவி எடுத்த கோல்ட் கோப்ராவும் அதை ஒட்டிய எடைதான். ஆறு தோட்டா கொள்ளும். ஐந்தில் முடியும் போட்டியில் ஆறாவது தோட்டாவால் பயனில்லை எனினும், அந்த எடை குறியைப் பிடித்து நிறுத்துகிறது. 1965இல் வந்த மாடல் 60, துருப்பிடிக்காத எஃகில் செய்யப்பட்ட முதல் ரிவால்வர். இன்றும் குறை சொல்ல இயலாத தேர்வு.

தோட்டா மாற்றுவதைப் பற்றி மதிப்புரைகள் மூச்சுவிடுவதில்லை. ரிவால்வர், பிஸ்டல் இரண்டையும் 'கைத்துப்பாக்கி' என்று எழுதித் தப்பித்துக்கொள்ளும் நம் துப்பறியும் கதைகளில் வெற்று உறைகள் ரிவால்வரிலிருந்து தாமே தெறித்து விழும் அதிசயம் நடப்பதுண்டு. உண்மையில் உருளையைத் திறந்து, தள்ளுதண்டை அழுத்தி, அவற்றை வெளியேற்ற வேண்டும். குறுங்குழல் ரிவால்வரில் அந்தத் தண்டும் குறுகியது. உறைகளை முழுவதுமாகத் தள்ளாது. குழலை வானோக்கிப் பிடித்து ஓங்கி அடிக்காவிட்டால் ஓர் உறை சிக்கிக்கொண்டு மானத்தை வாங்கும். 1999இல் ஜெர்ரி மிகுலெக் ஆறு சுட்டு, தோட்டா மாற்றி, மீண்டும் ஆறு சுட 2.99 விநாடிதான் எடுத்துக்கொண்டார். அது பெரிய ரிவால்வர். தோட்டாக்களை ஒருசேரப் பிடிக்கும் தகடு கொண்டது. அதைக் காட்டிக் குறுங்குழலை விற்பவர் நாணயமற்றவர்.

இனி எதிர்முகாமுக்கு வருவோம். போட்டிக்கென்றே கனத்த ரிவால்வரை வாங்கி, பிடியைப் பெருக்கி, விசையை மழுக்கி, பரிசு பெற்று, வீடு திரும்பியதும் அதைப் பெட்டியில் பூட்டிவிட்டு, பையில் இலேசான வேறொன்றோடு நடமாடுபவர்கள் உண்டு. தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலில் நெய் பூசி மினுமினுத்த வேல்களைக் கண்ட ஔவை, நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கும் அதியமானின் வேல்களை எண்ணிப் பாடியது எதற்காக? அந்த ஏளனம் இவர்களுக்கும் பொருந்தும். அன்றாடம் ஏந்தும் கருவியோடு ஏந்துபவனின் திறத்தைச் சோதிக்கவே இப்போட்டி பிறந்தது. வேறு கருவியோடு வந்து வென்றால் சோதிக்கப்பட்டது எது?

ஆகவே நம் பரிந்துரையில் சமரசத்துக்கு இடமில்லை. எழுநூறு கிராமை நாள் முழுதும் சுமக்க இயன்றவர் எஃகு ரிவால்வரை வாங்கட்டும். அதையே சுமக்கட்டும், அதையே சுடட்டும். இயலாதவர் 642ஐயே போட்டிக்குக் கொண்டுவந்து, கடைசி இடம் கிடைத்தாலும் பட்டியலில் தம் பெயரைப் பார்த்துவிட்டுப் போகட்டும். மேக்னம் தோட்டாவைத் தவிர்த்து மிதமான .38 போதும். பையில் துணியைப் பற்றி இழுக்கும் வெளிச்சுத்தியல் வேண்டாம். 1952இலேயே செண்டெனியல் வகையில் அதை உள்ளே மறைத்துவிட்டார்கள். முக்கியமாக, கடைக்காரர் கண்ணாடிப் பேழையின் மேல் எடுத்துவைப்பதைக் கையில் தூக்கிப் பார்த்து வாங்காதீர்கள். வாடகைக்குத் துப்பாக்கி தரும் சுடுதளங்கள் அங்கே ஏராளம். ஒரே அமர்வில் ஐம்பது தோட்டாக்களைச் சுட்டுப் பாருங்கள், கடைசி ஐந்தை முதல் ஐந்தின் அருகில் வைத்து ஒப்பிடுங்கள்.