சட்டம் வந்துவிட்டது, ஸ்டூல் வரவில்லை

பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் பொறுத்துக்கொண்டவர்கள்தானே, இங்கேயும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் ஒரு கல்யாணத்துக்குச் சேலை எடுக்கக் காரைக்குடியில் ஒரு துணிக்கடைக்குப் போனேன். கடைப் பெயர் வேண்டாம். சேலை விரித்துக் காட்டிய பெண் என்னையே பார்த்தாள். "டீச்சர், என்னையத் தெரியலையா?" என் மாணவி! காலை ஒன்பதரைக்கு வந்தால் ராத்திரி ஒன்பது வரை நிற்க வேண்டுமாம். கணுக்கால் வீங்கியிருந்தது. "உட்கார ஒரு ஸ்டூல் கூடவா இல்லை?" என்றேன். "உட்கார்ந்தா கேமராவுல தெரியும் டீச்சர்" என்றாள்.

இதை நம் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். "இதுக்கு ஒரு சட்டம் கொண்டு வரணும்" என்றார்கள் சிலர். "பிரதமருக்கு எழுதுவோம்" என்றார் ஒருவர். மற்றவர்கள் கும்பிடும் கை அனுப்பினீர்கள்.

கோபத்தோடுதான் சொல்கிறேன். சட்டம் ஏற்கெனவே இருக்கிறது! 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில், 2021 செப்டம்பரில் நம் சட்டமன்றம் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார, எல்லா ஊழியருக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும் என்பதுதான் அது. நான் வக்கீலுக்குப் படித்தவள் இல்லை, ஆசிரியர் பயிற்சி முடித்தவள். எனக்கே புரிகிறது.

நமக்கு முன்பே, 2018இல், கேரளம் இதைச் செய்தது. தானாக வரவில்லை. கோழிக்கோட்டில் விஜி என்ற தையல் தொழிலாளி, கடைப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் போராடினார். முதலில் அவர்கள் கேட்டது கழிப்பறை. பிறகுதான் நாற்காலி. எவ்வளவு சின்னக் கோரிக்கை, பாருங்கள்! அதனால்தான் யாராலும் மறுக்க முடியவில்லை.

ஆகவே, சட்டத்தை மாற்றக் கிளம்பும் என் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை.

ஒன்று, சட்டம் இருக்கிறதா என்று முதலில் படித்துப் பாருங்கள். படிக்காமல் பரீட்சைக்கு வந்தவர்களை நான் விட்டதில்லை.

இரண்டு, யாரிடம் கேட்பது என்று தெரிந்துகொள்ளுங்கள். கடைச் சட்டத்தைத் திருத்துவது 234 பேர் உட்காரும் நம் சட்டமன்றம். டில்லிக்கு எழுதுவது வாசல் தெரியாமல் கதவைத் தட்டுவது. நம் எம்எல்ஏவை நேரில் பாருங்கள். ஒரே பக்கத்தில், ஒரே கோரிக்கை.

மூன்று, தனியாகப் போகாதீர்கள். பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, 1927இல் சென்னை மாகாண சட்ட மேலவையில் தேவதாசி முறைக்கு எதிராகத் தீர்மானம் கொண்டு வந்தார். சபைக்கு வெளியே மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் பேசினார். ஒழிப்புச் சட்டம் 1947இல் வந்தது. இருபது வருஷம்! நீங்கள் இருபது நிமிஷத்தில் அடுத்த மீம்ஸுக்குப் போய்விடுகிறீர்கள். கூட்டமாக நின்றால் சீக்கிரமும் நடக்கும். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்ததால் மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது.

நான்கு, சட்டம் வந்த பிறகுதான் வேலையே ஆரம்பம். 10 ரூபாய் கட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் தொழிலாளர் துறையைக் கேளுங்கள்: சிவகங்கை மாவட்டத்தில் 22-ஏ பிரிவுக்காக எத்தனை கடைகளில் ஆய்வு நடந்தது? 30 நாளில் பதில் தர வேண்டும். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் அதையே மனுவாகக் கொடுங்கள். அந்தப் பெண்ணின் பெயரை மட்டும் எங்கும் எழுதாதீர்கள். அவள் வேலை போய்விடும்.

உறவுகளுக்கும் ஒன்று. "உட்கார்ந்துக்கிட்டே சேலை காட்டுது, திமிரைப் பாரு" என்று நம் வீட்டு ஆட்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். முதலாளி பயப்படுவது அந்த வார்த்தைக்குத்தான். இனி கடைக்குப் போனால், "நீ உட்காரம்மா" என்று முதலாளி காதில் விழுகிற மாதிரி சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. வீட்டுப்பாடம் எழுதவில்லை என்று அதே பெண்ணை நான் ஒரு பீரியட் முழுக்கப் பெஞ்சு மேல் நிற்க வைத்திருக்கிறேன். அவள் மறந்திருப்பாள். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

தகவல் உரிமை மனுவை நான் எழுதிவிட்டேன். வருகிற திங்கட்கிழமை சிவகங்கைக்குப் போகிறேன். கும்பிடும் கை வேண்டாம். கூட வருகிறவர்கள் மட்டும் கீழே பெயர் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்