கணக்கில் விழுந்த பிறகு கைமாற்றுங்கள்

பதுளை, பசறை, ஹப்புத்தளைப் பக்கத்து இளைஞர்கள் ஐபோன், கைக்கடிகாரம், பவுண் நகை என்று இக்மன் இணையத்தளத்திலும் பேஸ்புக்கிலும் விற்கிறார்கள். “காசு போட்டாச்சு அண்ணே” என்று வாட்ஸ்அப்பில் பற்றுச்சீட்டுப் படம் வரும். பொருளை எடுக்க முச்சக்கரவண்டியும் வந்து நிற்கும். அந்தப் படத்தைத் தயாரிக்கக் கைத்தொலைபேசி ஒன்றே போதும். வங்கிகளுக்கிடையே உடனடிப் பணப்பரிமாற்றம் 2015 முதல் இலங்கையில் உண்டு. “நாளைக்குத்தான் விழும்” என்றால் பொருளும் நாளைக்கே போகட்டும். காசோலை வைப்பு இன்னும் மோசம்: வங்கிக் குறுஞ்செய்தி வந்த பிறகும் திரும்பிவிடலாம். ஓடிபி கேட்பவரோ வாங்க வந்தவரே அல்லர்.

கணினிக் குற்றச் சட்டம் 2007இலேயே வந்துவிட்டது. ஆனால் சட்டம் மட்டும் போதாது: ஏமாந்தவரின் முறைப்பாட்டைத் தமிழில் எழுதிக்கொள்ள ஊவாவின் ஒவ்வொரு பொலிஸ் நிலையத்திலும் ஓர் உத்தியோகத்தர் இருக்க வேண்டும்.