பல்லைக் கெடுப்பது யார் பழக்கம்?

பல் வலிக்கிறது என்று போனால், 'ராத்திரி பல் தேய்ப்பீங்களா?' என்று மருத்துவர் கேட்பார். தலையைக் குனிந்துகொண்டு 'இல்லீங்க' என்போம். தீர்ப்பு அங்கேயே எழுதப்பட்டுவிடும். தேய்க்காதது தப்புதான். ஆனால் அன்றைக்கு எத்தனை முறை வாயில் சர்க்கரை போனது என்று கணக்குப் பார்த்தால், அதில் பலவற்றை நாமாகக் கேட்டு வாங்கியிருக்க மாட்டோம்.

வாயிலுள்ள கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கக்குகின்றன. பிஎச் அளவு ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அதைச் சரிக்கட்ட அரைமணி நேரம், சில சமயம் அதற்கு மேலும் பிடிக்கும். அதனால் எவ்வளவு தின்றோம் என்பதைப் போலவே எத்தனை தடவை தின்றோம் என்பதும் முக்கியம். சாப்பாட்டோடு ஒரு லட்டைத் தின்று முடித்தவரைவிட, காலை முதல் மாலை வரை டீ, பிஸ்கட், மிட்டாய் என்று கொறித்துக்கொண்டே இருப்பவரின் பல்லுக்குத்தான் ஓய்வே கிடைப்பதில்லை.

அந்தத் தடவைகளை ஏற்றிவிடுவதில் ஊருக்கே பங்குண்டு. அலுவலகத்தில் பதினொரு மணிக்கு ஒரு டீ, மூன்று மணிக்கு ஒரு டீ. போன வீட்டில் காபி வேண்டாம் என்றால் மனத்தாங்கல். டீக்கடையில் 'வித்தவுட்' கேட்டால், 'சுகரா சார்?' என்று மாஸ்டர் பரிதாபமாகப் பார்க்கிறார். சர்க்கரையைக் குறைத்துக்கொள்ள நோயாளியாக வேண்டும் என்பது என்ன வழக்கமோ! சர்க்கரை போடாமல் ஆற்றிக் கொடுத்து, டப்பாவைப் பக்கத்தில் வைத்தால் வேண்டியவர் போட்டுக்கொள்ளட்டும். கடைக்காரருக்கும் இதில் நஷ்டமில்லை.

சோடா மூடியைப் பல்லால் திறக்கும் வீரம், எலுமிச்சைச் சாறு குடித்த கையோடு அழுத்தித் தேய்க்கும் சுத்தம் ஆகியவற்றை அவரவர் கணக்கிலேயே எழுதிக்கொள்ளலாம். குழந்தைகள் விஷயத்தில் அப்படி விட முடியாது. சர்க்கரை கலந்த பால் பாட்டிலை வாயில் வைத்துத் தூங்கவைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. தூக்கத்தில் உமிழ்நீர் குறைவாகச் சுரப்பதால் இனிப்பு பல்லிலேயே தங்கிவிடும். கேட்டால், 'விழுந்து முளைக்கிற பல்தானே' என்பார்கள். ஆறு வயதையொட்டி, கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே ஒரு நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைக்கிறது. அதையும் பால் பல் என்று நினைத்துச் சொத்தையாக விட்டுவிடுகிறோம். அந்த இடத்தில் இன்னொரு பல் முளைக்காது. தடுப்பூசி போட வரும் தாயிடம் செவிலியரும், எடை பார்க்கும் நாளில் அங்கன்வாடிப் பணியாளரும் இதை ஒரு நிமிடம் சொன்னால் போதும். அம்மாவை மட்டும் குறை சொல்வது சுலபம். அவளுக்கு யார் சொன்னார்கள்?

சட்டத்துக்கும் இங்கே குறைவில்லை. பல்பொடியிலும் பற்பசையிலும் புகையிலை சேர்ப்பதற்கு 1992-லேயே தடை வந்தது. கல்வி நிலையங்களிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலைப் பொருட்களை விற்கக் கூடாது என்பது 2003-ஆம் ஆண்டுச் சட்டம். கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளிக்குள்ளும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்கிறது 2020-இல் வந்த உணவுப் பாதுகாப்பு விதி. மணி அடிக்கும் நேரத்தில் எந்தப் பள்ளி வாசலில் வேண்டுமானாலும் நின்று பாருங்கள், விதி எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று தெரியும். அதற்காக அங்கே கூடை வைத்திருக்கும் பாட்டியை விரட்டியடிக்கச் சொல்லவில்லை. கொய்யா, வெள்ளரி, அவித்த கடலை விற்றாலும் அவருக்குப் பிழைப்பு உண்டு. நம் பிள்ளைகள் அவற்றை வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022 முதல் படிப்படியாகக் காலை உணவும் வந்துவிட்டது. மதியம் சத்துணவு ஏற்கெனவே உண்டு. இரண்டு வேளையும் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். எழுந்ததும் வாய் கொப்பளிக்க ஓடுகிற குழாயும், அதற்கு இரண்டு நிமிடமும் வேண்டும். அது பல் தேய்ப்பதற்கு ஈடாகாது, தொடக்கத்துக்குப் போதும். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. அடுத்த கூட்டத்தில் குழாயில் தண்ணீர் வருகிறதா, வாசலில் என்ன விற்கிறது என்ற இரண்டையும் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள்.