சாரம் பார்க்கிற மாப்பிள்ளை

ஆவணி முகூர்த்த நாளில் திருவந்திபுரம் போய் நமக்கு வேண்டிய கல்யாணத்தைக் கண்டுபிடிப்பது, பேப்பரில் வந்த எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட்டில் நம் நம்பரைத் தேடுகிற மாதிரி. கடலூர் வட்டாரத்தில் பாதிப் பேருக்கு தேவநாத சுவாமி சந்நிதியில்தான் தாலி. பெரிய முகூர்த்தமென்றால் ஒரே காலையில் நூறு ஜோடி சர்வ சாதாரணம். போன ஆவணியில் நான் ஒரு மாப்பிள்ளையின் கையைக் குலுக்கி, மொய்க் கவரைத் திணித்து, போட்டோவுக்கும் பல்லைக் காட்டிவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, நம்ம ஜோடி இரண்டு மாலை தள்ளி நின்றுகொண்டிருந்தது. கொடுத்த மொய்யைத் திருப்பிக் கேட்க எந்த சாஸ்திரத்திலும் இடமில்லை!

அந்த சோகத்தோடு பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலையில் சித்தப்பாவின் மாப்பிள்ளை. சிங்கப்பூரிலிருந்து முப்பது நாள் லீவில் வந்திருந்தார். எதிர் வரிசைப் பெரியவர் ஒருவர் விசாரித்தார்.

"தம்பிக்கு அங்க என்ன வேலை?"

"சாரம் பாக்கறேங்க."

"மின்சாரமா?"

"இல்லீங்க, வெறும் சாரம்."

பெரியவர், மாப்பிள்ளைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த என் தங்கச்சியைப் பார்த்தார். "பக்கத்துல சம்சாரம் இருக்கு. அதைப் பாருங்க தம்பி" என்றுவிட்டு ரசத்துக்குப் போய்விட்டார்.

எனக்கும் உள்ளுக்குள் அதே சந்தேகம்தான். சாரம் என்றால் கட்டுவார்கள், ஏறுவார்கள், பிரிப்பார்கள். அதைப் 'பார்ப்பதற்கு' ஒரு உத்தியோகமா?

சாப்பிட்டுவிட்டு மலையேறினோம். மேலே ஹயக்ரீவர். பரீட்சை எழுதுகிற பிள்ளைகள் பேனாவோடு வருகிற இடம். மாப்பிள்ளை பாஸ் பண்ணினால் படியேறி வந்து அர்ச்சனை செய்வதாகத் தங்கச்சி வேண்டுதலாம். "என்ன பரீட்சை மாப்ளே, முப்பத்தஞ்சு வயசுல?" என்று கேட்டேன். படிக்குப் படி நின்று சொன்னார்.

அங்கே 2011-லிருந்து சாரத்துக்கென்றே தனி விதிமுறை. 4 மீட்டருக்கு மேல் சாரம் எழுப்ப வேண்டுமென்றால் அங்கீகாரம் பெற்ற காண்ட்ராக்டர்தான் எழுப்பலாம். கட்டி முடித்ததும் பயிற்சி பெற்ற சூப்பர்வைசர் பார்க்க வேண்டும். அதன்பிறகு 7 நாளுக்கு ஒருமுறையாவது மறுபடி பார்க்க வேண்டும். இவர் சாரம் கட்டுகிற ஆளாகப் போனவர். பல வருஷம் பைப்பு தூக்கிவிட்டு, அப்புறம் வகுப்பில் உட்கார்ந்து சூப்பர்வைசர் கார்டு வாங்கியிருக்கிறார். பரீட்சையில் இவருக்குப் பிடித்தது பிராக்டிகல்தானாம். வேண்டுமென்றே தப்பும் தவறுமாக ஒரு சாரம் கட்டி நிறுத்திவிட்டு, 'கண்டுபிடி' என்று விட்டுவிடுவார்களாம்.

"நம்ம ஊர்ல அதுக்குச் செலவே இல்ல மச்சான். எந்தத் தெருவுல வேணா பரீட்சை வைக்கலாம்" என்றார். சிரித்தேன். அன்று சாயங்காலமே அந்தப் பரீட்சை கூத்தப்பாக்கத்தில் நடக்கப்போகிறது என்று எனக்கென்ன தெரியும்?

கூத்தப்பாக்கத்தில் சித்தப்பா மாடி எடுத்துக்கொண்டிருந்தார். வெளிப்பூச்சு மட்டும் பாக்கி. மாடிக்குக் குடிவருகிறவர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். அந்தப் பணத்தில்தான் சிமெண்ட்டே வந்திருக்கிறது. சவுக்குக் கழி நட்டு, கயிற்றால் கட்டி, பலகை போட்டு, மேஸ்திரியும் மூன்று பேரும் சாரத்தில் நின்றார்கள். இரண்டு சித்தாள் பெண்கள் கீழேயிருந்து கலவைச் சட்டியை ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மாப்பிள்ளை காப்பியைக் கூடத் தொடவில்லை. சாரத்தைச் சுற்றி ஒரு நடை. கழியின் அடியைக் குனிந்து பார்த்தார். முடிச்சில் விரலை விட்டு ஆட்டினார். அப்புறம் நிதானமாக, "எல்லாரும் கொஞ்சம் எறங்கிடுங்கண்ணே" என்றார்.

என் கண்ணுக்கு அது சாதாரண சாரம். அவர் விரல் வைத்துக் காட்டினபிறகு எனக்கே வயிற்றைக் கலக்கியது. ஒரு கழி செங்கல்மேல் நிற்கிறது. அடுத்த கழி, செப்டிக் டேங்குக்குத் தோண்டி மூடின புது மண்ணில். ஏணி, பலகை மட்டத்தோடு முடிந்துவிட்டது. அது பலகைக்கு மேலே ஒரு மீட்டராவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டுமாம், ஏறுகிறவனுக்குக் கைப்பிடி வேண்டாமா? எல்லாவற்றையும்விட மோசம், ஓரத்துப் பலகை. கழியைத் தாண்டி மூன்றடி அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது, கட்டவும் இல்லை. அந்த நுனியில் ஆள் கால் வைத்தால் மறுமுனை தூக்கிக்கொள்ளும். எலிப்பொறி மாதிரிதான்.

சித்தப்பாவுக்கு மூக்கு சிவந்துவிட்டது. "மாப்பிள்ளை, தஞ்சாவூர் பெரிய கோயிலுக்கு சாரப்பள்ளத்திலேருந்து சாரம் கட்டிக் கல்லு ஏத்தினாங்கன்னு சொல்வாங்க. ராஜராஜ சோழன் எந்தக் கார்டு வெச்சிருந்தான்?"

"எத்தனை பேர் விழுந்தாங்கன்னு கல்வெட்டுல எழுதலையே மாமா."

மேஸ்திரி எதுவும் பேசவில்லை. முப்பது வருஷமாகச் சாரம் கட்டுகிறவர். ஒரே ஒரு பார்வைதான் பார்த்தார். திருவந்திபுரத்தில் வேதாந்த தேசிகர் பற்றி ஒரு கதை உண்டு. படித்தவருக்குக் கைவேலை தெரியுமா என்று ஒரு கொத்தனார் சவால் விட்டு, கோணல்மாணல் செங்கல்லாகக் கொடுக்க, தேசிகர் அதை வைத்தே கிணறு கட்டிக் காட்டினாராம். கிணறு இன்னும் இருக்கிறது. மேஸ்திரியின் பார்வையில் அந்தக் கொத்தனாரின் சவால் அப்படியே இருந்தது. மாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பலகையைத் தோளில் வாங்கினார்.

கல்யாணத்துக்குப் போட்டுவந்த சிவப்புத் துண்டைக் கழியில் கட்டினார். அங்கெல்லாம் பச்சை அட்டை தொங்கினால் ஏறலாம். சிவப்பு தொங்கினால் முதலாளியே வந்தாலும் ஏறக் கூடாதாம். மறுநாள் பூச்சு வேலை கிடையாது, சாரத்தைச் சரிபண்ணுகிற வேலைதான். ஆறு பேருக்கும் கூலி உண்டு என்று சித்தப்பாவிடமே சொல்லிவிட்டார். சித்தப்பா பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணிக் கொடுத்தார்.

நான் ஆபீஸ் குமாஸ்தா. ரூல் புஸ்தகம் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. தேடிப் பார்த்தேன். கட்டடத் தொழிலாளர்களுக்கென்று 1996-ல் ஒரு சட்டம் வந்தது. 1998-ல் மத்திய விதிகள். (2020-ல் இயற்றின தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் அந்தச் சட்டத்தையும் சேர்த்துவிட்டார்கள்.) சாரத்தை ஒரு 'பொறுப்பான நபர்' மேற்பார்வையில்தான் கட்டவோ பிரிக்கவோ வேண்டும் என்றது விதி. யார் அந்த நபர்? போதிய அறிவும் அனுபவமும் இருந்து, அதற்கு வேண்டிய அதிகாரமும் உள்ளவர். அமெரிக்காக்காரன் விதியும் சுற்றி வளைத்து அங்கேயே வருகிறது. ஒவ்வொரு ஷிப்டுக்கும் முன்னால் சாரத்தைப் பார்க்கிறவனுக்கு, ஆபத்தைக் கண்டுபிடிக்கவும் தெரிய வேண்டும், உடனே சரிபண்ண அதிகாரமும் இருக்க வேண்டும்.

அறிவு வகுப்பில் கிடைக்கும். அனுபவம் சாரத்தில் கிடைக்கும். அந்த மூன்றாவது எங்கே கிடைக்கும்? எங்கள் ஆபீஸில் அது பியூனுக்கு மட்டும்தான் உண்டு. 1996 சட்டமோ பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்கிற இடத்துக்குப் பொருந்தாததாகவே இருந்தது. அதில் பத்து லட்சத்துக்குள் கட்டுகிற சொந்த வீட்டுக்கும் விலக்கு இருந்தது. ஆறு பேர் வேலை செய்த கூத்தப்பாக்கம் மாடியில் எந்த 'பொறுப்பான நபரும்' வந்து நிற்கப்போவதில்லை. அன்றைக்கு வேலை நின்றதற்குச் சிங்கப்பூர் கார்டு காரணமில்லை. வீட்டு மாப்பிள்ளை சொன்னால் மாமனாரால் தட்ட முடியாது, அவ்வளவுதான். மாப்பிள்ளை இல்லாத வீடுகளில் என்ன செய்வார்கள்?

மறுநாள் சாயங்காலம் எல்லாம் சரியாகி, மாப்பிள்ளை இன்னொரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டுத் துண்டை அவிழ்த்தார். மேஸ்திரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சார், இந்தக் கார்டு வாங்க எத்தனாவது படிச்சிருக்கணும்?"

காஞ்சிபுரத்தில் எல் அண்ட் டி கம்பெனி நடத்துகிற பயிற்சி நிலையம் பற்றிச் சொன்னேன். சாரமும் அங்கே ஒரு பாடம். ஆனால் வருகிறவர்கள் பெரும்பாலும் சின்னப் பசங்க.

"எனக்கில்ல சார். பையனுக்கு" என்றார். கொஞ்சநேரம் பீடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "என் தம்பி இப்படித்தான் பலகை தூக்கி விழுந்தான். இப்போ பெட்டிக்கடையில உக்காந்திருக்கான், எந்திரிக்க முடியாது. அந்தப் பலகையைப் போட்டது நான்தான்."

மாப்பிள்ளை ஊருக்குப் போய் ஒரு வாரம் இருக்கும். புரட்டாசியில் ஒரு ராத்திரி கொட்டித் தீர்த்தது. காலையில் ஆபீஸுக்கு சித்தப்பா போன். குரல் தந்தி மாதிரி அடித்தது.

"டேய், மேஸ்திரி ஆளுங்களை ஏற விடமாட்டேங்கறான்டா! நனைஞ்ச கயிறு காய்ஞ்சா தொளதொளன்னு ஆயிடுமாம், மண்ணு எறங்கியிருக்குமாம். எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் ஏத்துவானாம். மாப்பிள்ளை சொல்லிட்டுப் போனாராம்!"

"நல்லதுதானே சித்தப்பா?"

"நல்லதுதான். ஆனா கழியில கட்டியிருக்கான் பாரு சிவப்புத் துணி... அது உங்க சித்தியோட புதுப் புடவைடா!"